விசாரிக்க வந்த ஐந்தாவது ஆள்

ஆதார் கார்டு ஒரு காப்பி, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே பேப்பர்ல. அதானே? குடுங்க ஐயா, எடுத்துத் தர்றேன். ஆனா நீங்க இதுக்காக வரலை. கோவிச்சுக்காதீங்க. ஜெராக்ஸ் எடுக்க வர்றவங்க கண்ணு மெஷின் மேல இருக்கும். உங்க கண்ணு வந்ததுல இருந்து எதிர் வீட்டு கேட்டு மேலேயே இருக்கு. மதியழகன் சாரைப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க.

அட, இதுல என்ன கூச்சம்? பொண்ணு குடுக்கிற இடத்தை நாலு பேர்கிட்ட விசாரிக்காம யாராவது குடுப்பாங்களா? விசாரிக்க வர்றவங்க எல்லாருமே முதல்ல ஒரு ஆதார் ஜெராக்ஸ்தான் எடுப்பாங்க. அவர் வீட்டுக்கு எதிர்ல இருக்கிற கடை இது ஒண்ணுதான், சும்மா வந்து நிக்க முடியாது பாருங்க. நீங்க அஞ்சாவது ஆளு. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. அங்க வேணாம், அங்க ஃபேன் காத்து வராது. இப்படி வாங்க.

பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்? அக்கா பொண்ணா. அப்ப சரி, தாய்மாமன் நீங்கதான் விசாரிக்கணும். வயசு? முப்பத்தஞ்சு. இவருக்கு நாற்பத்திரண்டு, பொருத்தம்தான். பொண்ணுக்கு ஏன் இவ்வளவு நாளாச்சு? கேட்கலாம்ல?

ஓ. நிச்சயம் பண்ணி நின்னு போச்சா. அந்தப் பையன் மனசுல வேற பொண்ணு. அதைப் பத்திரிகை அடிச்சப்புறம் சொன்னானா. வெளங்கும். அதனால இப்ப அந்தப் பொண்ணு கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான், மனசுல வேற யாரையாவது வச்சிக்கிட்டிருக்கிற ஆளு மட்டும் வேணாம்னு. கறுப்பா இருந்தாலும் சரி, சம்பளம் கம்மியா இருந்தாலும் சரி, அது மட்டும் வேணாம்னு.

நியாயம் ஐயா. அந்தப் பொண்ணு சொல்றது ரொம்ப நியாயம். பத்து கேட்டா ரெண்டு மூணை விட்டுக் குடுக்கலாம். கேட்டதே ஒண்ணுன்னா அதுல எங்க போய் விட்டுக் குடுக்கிறது? எனக்குத் தெரியும். நானும் ஒண்ணே ஒண்ணு கேட்டவதான். அதை விடுங்க.

இவரைப் பத்திச் சொல்றேன், கேட்டுக்குங்க. குடி கிடையாது. சிகரெட், பாக்கு எதுவும் கிடையாது. ஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியார், எய்டட் ஸ்கூல்தான், ஆனா பர்மனென்ட். காலையில எட்டரைக்கு கேட்டைப் பூட்டுவார், சாயங்காலம் நாலே முக்காலுக்குத் திறப்பார். இந்த மன்னார்குடியில அவர் போறதை வச்சு கடிகாரம் திருத்திக்கலாம். அம்மா போய் நாலு வருஷம் ஆச்சு. ஒத்தை ஆளு, அவரேதான் சமைச்சுக்கிறார். திருவாரூர்ல ஒரு அக்கா இருக்காங்க, அவங்கதான் இந்த நாலு வருஷமா பொண்ணு தேடுறது. அமைதியான மனுஷன். அவர் வீட்டுல இருந்து ஒரு சத்தம் கேட்டதில்ல. நான் நல்லபடியாத்தான் சொல்லுவேன். முன்னாடி வந்த நாலு பேர்கிட்டயும் இதேதான் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டல குறைக்கல.

ஏன் நாலும் அமையலைன்னா எனக்கென்ன தெரியும்? ஜாதகமா இருக்கும்.

என்ன? யார் சொன்னா? பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலயா? அந்த ஆளுக்கு வேற வேலை இல்ல. எனக்கும் மதியழகன் சாருக்கும் ஒண்ணும் கிடையாது ஐயா. என்னைப் பொண்ணு பார்க்க வந்தாங்க, சரிப்படல. ஊர்ல எத்தனை பேர் பொண்ணு பார்க்கிறாங்க, எத்தனை சரிப்படாம போகுது. அவ்வளவுதான் விஷயம். அதுவும் பதிமூணு வருஷம் ஆச்சு.

சரி, அரைகுறையாக் கேட்டுட்டுப் போய் வீட்டுல தப்பாச் சொல்லிடாதீங்க. நானே சொல்லிடறேன், முழுசாக் கேட்டுக்குங்க. அதுல மறைக்க எதுவும் இல்ல.

இந்தக் கடை எங்கப்பா வச்சது. பிளஸ் டூ முடிச்சதும் நான் இங்க உட்கார்ந்துட்டேன். டைப்பிங், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங். அப்பா எனக்குக் கத்துக் குடுத்த முதல் பாடம் என்ன தெரியுமா? "சுகந்தி, காகிதத்தைப் படிக்காதே. ஓரத்தை மட்டும் பாரு." டைவர்ஸ் பேப்பர் வரும், ஸ்கேன் ரிப்போர்ட் வரும், பாகப்பிரிவினைப் பத்திரம் வரும். அடுத்தவங்க கஷ்டத்தை நாம படிக்கக் கூடாது. கவுத்துப் போடணும், நாலு ஓரமும் கண்ணாடியில கோட்டுக்கு நேரா இருக்கான்னு பார்க்கணும், மூடணும், எடுக்கணும், குடுக்கணும். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். இப்ப உங்க ஆதாரை எடுத்தேன். உங்க பேர் என்னன்னு கேளுங்க, எனக்குத் தெரியாது.

டைப் அடிக்கிறது மட்டும் வேற. படிக்காம அடிக்க முடியாது. மதியழகன் சார் அப்ப புதுசா வேலைக்குச் சேர்ந்தவர், காலாண்டுக்கு, அரையாண்டுக்கு கேள்வித்தாளைக் கையால எழுதிக்கிட்டு வருவார். நான் அடிச்சுக் குடுப்பேன், அவர் சிவப்பு மையில திருத்துவார். ரெண்டு வருஷம் அப்படிப் போச்சு. "அமிலம் என்றால் என்ன"ன்னு ஒரு கேள்வி அடிச்சா "இதுக்கு பதில் தெரியுமா"ன்னு கேட்பார். நான் சொல்லுவேன். தப்பாத்தான் சொல்லுவேன். சிரிப்பார். அவ்வளவுதான் எங்க பேச்சு. அதுக்கே எங்கப்பாவுக்குப் புரிஞ்சு போச்சு. ஒரே ஜாதி, எதிர் வீடு, யாருக்கும் ஆட்சேபணை இல்ல.

பிடிச்சிருந்துச்சு ஐயா. ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. இல்லைன்னு ஏன் சொல்லணும்?

அவங்க வீட்டுல இருந்து பொண்ணு பார்க்க வர்றதுக்கு முந்தின நாள் நான் அவர்கிட்டச் சொன்னேன். இதே இடத்துல நின்னுதான். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். பேச வேண்டிய இடத்துல பேசாம உட்கார்ந்திருக்கிற ஆளு எனக்கு வேணாம். குடிச்சாக்கூட திருத்திக்கலாம், இதைத் திருத்த முடியாது."

ஏன்னு கேட்டார். எங்கம்மாவைப் பத்திச் சொன்னேன். எங்க அத்தை, அப்பாவோட அக்கா, எங்க வீட்டோடதான் இருந்தாங்க. காலையில எந்திரிச்சா எங்கம்மாவைத் திட்டுறதுதான் வேலை. குழம்பு சரியில்ல, நடை சரியில்ல, பொறந்த வீடு சரியில்ல. அப்பா பேப்பர் படிச்சுக்கிட்டிருப்பார். நல்லவர்தான், அம்மாவை ஒரு அடி அடிச்சதில்ல. ஆனா பேப்பரை மடிச்சு வச்சதும் இல்ல. அம்மா சாகுறதுக்கு ஒரு மாசம் முன்னாடி என்கிட்டச் சொன்னாங்க, "ஒரே ஒரு தடவை 'போதும்க்கா'ன்னு உங்கப்பா சொல்லியிருந்தா, நான் நல்லா இருந்திருப்பேன்டி"ன்னு. அதை நான் அவர்கிட்ட அப்படியே சொன்னேன். தலையை ஆட்டினார். "சரி சுகந்தி"ன்னார்.

மறுநாள் வந்தாங்க. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி எல்லாம் வச்சோம். எல்லாம் நல்லாத்தான் போச்சு. அவங்கம்மா கேசரியைச் சாப்பிட்டுட்டு, கையைக் கழுவிட்டு வந்து சொன்னாங்க. "கல்யாணத்துக்கப்புறம் கடையை மூடிடணும். ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துக்கிட்டு, வர்றவன் போறவனுக்கெல்லாம் பல்லைக் காட்டிக் காகிதம் எடுத்துக் குடுக்கிறதெல்லாம் எங்க குடும்பத்துக்கு ஆகாது." பல்லைக் காட்டின்னு சொன்னாங்க. எங்கப்பா தரையைப் பார்த்தார். அது எனக்குப் பழக்கம். நான் இவரைப் பார்த்தேன்.

இவர் பஜ்ஜியை ரெண்டாப் பிச்சார். அப்புறம் நாலாப் பிச்சார். திங்கவும் இல்ல, பேசவும் இல்ல. பிச்சுக்கிட்டே இருந்தார். தட்டு பூரா தூளாகிற வரைக்கும் நான் காத்துக்கிட்டிருந்தேன். அதுக்கு மேல என்ன செய்யச் சொல்றீங்க? அவங்க போனதும் அப்பாகிட்ட "வேணாம்"னு சொன்னேன். ஏன்னு அப்பா கேட்கலை. அவர் எதைத்தான் கேட்டார்?

எனக்கு அழுகையெல்லாம் வரலை. மறுநாள் காலையில கடையைத் திறந்தேன். அன்னைக்கு ஏதோ கவுன்சிலிங், நல்ல கூட்டம். இருநூறு காப்பிக்கு மேல எடுத்தேன், ஒண்ணு கூட கோணல் இல்ல.

புரட்டாசி பூரா அவர் கடைப் பக்கம் வரலை. ஐப்பசி மழை ஆரம்பிச்ச அன்னைக்கு வந்தார், குடையைக் கூட மடக்காம நின்னார். ரேஷன் கார்டை நீட்டி "ஒரு காப்பி"ன்னார். எடுத்துக் குடுத்தேன். நின்னார். நான் ஒண்ணும் பேசலை. போயிட்டார். மறுநாளும் அதே ரேஷன் கார்டு, ஒரு காப்பி. அதுக்கு மறுநாளும் அப்படியே. அந்த மழைக் காலம் பூரா, நாற்பது நாள் இருக்கும், தினம் வந்தார். ஒரு மனுஷனுக்கு நாற்பது ரேஷன் கார்டு காப்பி எதுக்கு? பேசத்தான் வர்றார்னு எனக்குத் தெரியாதா? தெரியும். பேசட்டும்னு இருந்தேன். நான் ஏன் ஆரம்பிக்கணும்? நான் கேட்டதே அது ஒண்ணுதானே. முதல் வார்த்தையை நான் எடுத்துக் குடுத்து அவர் பேசினா அது அவர் பேசினதா ஆகுமா?

கார்த்திகையில ஒருநாள், சரியான மழை. சட்டைக்குள்ள இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ரேஷன் கார்டு இல்ல, நாலா மடிச்ச ஒரு பேப்பர். "ஒரு காப்பி"ன்னார். வாங்கினேன், பிரிச்சேன், கவுத்துப் போட்டேன், ஓரம் பார்த்தேன். ஈரத்துல முதல் காப்பி கறுப்பா இழுத்துக்கிட்டு வந்துச்சு. அதை வேஸ்ட் கட்டுல போட்டுட்டு ரெண்டாவது எடுத்தேன், சுத்தமா வந்துச்சு. அவர் பேப்பரையும் காப்பியையும் சேர்த்துக் குடுத்து, காசை வாங்கிப் போட்டேன். அவர் ஒரு கையில அதையும் ஒரு கையில இதையும் வச்சிக்கிட்டு என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னார். பின்னாடி ஒரு அம்மா பென்ஷன் பேப்பரோட நின்னாங்க. நான் அவங்களைக் கவனிக்கத் திரும்பிட்டேன். மறுபடி பார்த்தப்போ அவர் ரோட்டைத் தாண்டிக்கிட்டிருந்தார். குடையை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டார்.

அப்புறம் வரலை. மார்கழி, தை, மாசி, பங்குனி. எதிர் வீடு, கேட்டைத் திறக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

வேஸ்ட் காப்பியை நாங்க தூக்கிப் போட மாட்டோம். நாலா வெட்டி கிளிப்ல மாட்டி வச்சுக்குவோம். பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கும், எத்தனை செட்டு, எத்தனை பக்கம்னு குறிச்சு கஸ்டமர்கிட்டக் குடுக்க ஆகும். எல்லா ஜெராக்ஸ் கடையிலயும் அப்படித்தான். பங்குனியில பரீட்சைக் கூட்டம். ஒரு துண்டை உருவி எழுதப் போனேன். அது எப்படியோ திரும்பி வந்திருந்துச்சு, எழுத்துப் பக்கம் மேல. அவர் எழுத்து. எனக்கு அந்த எழுத்து தூக்கத்துல எழுப்பிக் காட்டினாலும் தெரியும், ரெண்டு வருஷம் பார்த்து டைப் அடிச்சிருக்கேன்ல.

எனக்கு எழுதின லெட்டர் ஐயா. என்கிட்ட நேராக் குடுக்கத் தைரியம் வராம, ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி கொண்டு வந்திருக்கார். நான் எடுக்கிறப்போ படிப்பேன்னு நினைச்சிருக்கார். என்கிட்டப் போய். நான் ஓரத்தை மட்டும்தான் பார்ப்பேன்னு அவருக்குத் தெரியாது.

அந்தத் துண்டுல மூணு வரிதான் பாதிப் பாதியா இருந்துச்சு. "அன்று வாய் வரவில்லை, வெட்கமாக"ன்னு ஒண்ணு. அதுக்குக் கீழ "கடையை மூட வேண்டாம், அம்மாவிடம் நேற்று"ன்னு ஒண்ணு. கடைசியில "சுகந்தி, நீ மட்டும்"னு இருக்கு. அதோட வெட்டு.

அம்மாவிடம் நேத்து என்ன? சொல்லிட்டாரா? சொல்லப் போய் முடியாம திரும்பிட்டாரா? நேத்து பேசியிருந்தார்னா, நான் கேட்டதை அவர் செஞ்சுட்டார்னு அர்த்தம். பேசலைன்னா அதே பஜ்ஜி கதைதான். அன்னைக்கு அந்த கிளிப் பூரா உருவிப் பார்த்தேன். வேஸ்ட் சாக்கைக் கொட்டித் தரையில உட்கார்ந்து தேடினேன். கஸ்டமரெல்லாம் நிக்கிறாங்க, நான் பாட்டுக்குத் தேடுறேன். மத்த மூணு துண்டும் இல்ல. யாருக்கோ "முப்பது பக்கம், ரெண்டு செட்டு"ன்னு எழுதிக் குடுத்து அனுப்பிட்டேன். எந்த வீட்டுக் குப்பைக்குப் போச்சோ.

அவர்கிட்டக் கேட்டிருக்கலாமே, எதிர் வீடுதானேன்னு பார்க்கிறீங்க. கேட்டா சொல்லுவார். தெரியும். கேட்கலை. பதிமூணு வருஷமாக் கேட்கலை. முதல்ல அவங்கம்மா இருந்தாங்க. அவங்க போனப்புறம் இவ்வளவு நாள் கழிச்சு என்னன்னு கேட்கிறது? நீங்க குடுத்த லெட்டரை நான் படிக்கவே இல்ல, காப்பி எடுத்துத் திருப்பிக் குடுத்துட்டேன்னு எந்த வாயால சொல்றது? படிச்சுட்டுத்தான் திருப்பிக் குடுத்தேன்னு அவர் நினைச்சிக்கிட்டிருப்பார். நினைச்சிக்கிட்டுப் போகட்டும். அது மட்டுமில்ல, எழுதறது பேசறது ஆகுமா? நான் கேட்டது பேசற ஆளை. அதுல நான் மாறலை.

நானா? எனக்கென்ன, நான் பேசாதவளா? உங்ககிட்ட இவ்வளவு நேரம் பேசறேனே. முன்னாடி வந்த நாலு பேர்கிட்டயும் இப்படித்தான் பேசினேன். கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொல்ற ஆளுதான் நான்.

அந்தச் சித்திரையில மறுபடி வந்தார். அதே ரேஷன் கார்டு. அதுல இருந்து செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கு ஒரு காப்பி. அதைத்தான் சொல்றேன், ஒழுங்குன்னா அப்படி ஒரு ஒழுங்கு. நடுவுல ஸ்மார்ட் கார்டு வந்துடுச்சு, அந்தப் பழைய கார்டு இப்ப எங்கேயும் செல்லாது. எதுக்கு எடுக்கிறார்னு நான் கேட்டதில்ல. போன வருஷம் மடிப்புல கிழிஞ்சு போச்சு. நான்தான் செல்லோ டேப் ஒட்டிக் குடுத்தேன். அவர் ஒட்டச் சொல்லலை, நானே ஒட்டினேன். நல்லா ஒட்டினேன், இன்னும் பத்து வருஷம் தாங்கும்.

இன்னைக்கு செவ்வாய்தானே? அதோ, கேட்டு சத்தம். நீங்க இப்படியே உட்காருங்க, கஸ்டமர் மாதிரி. நீங்களே பார்த்துக்குங்க ஆளை.

வாங்க சார்.

ஒண்ணுதானே?

இருங்க... இந்தாங்க.

பார்த்தீங்களா ஐயா? எவ்வளவு மரியாதை, எவ்வளவு அமைதி. காப்பி வாங்கினப்புறம் ஒரு நிமிஷம் அப்படி நிப்பார், அது அவர் பழக்கம். வேற ஒண்ணும் இல்ல. சட்டை காலர் கொஞ்சம் நைஞ்சிருக்கு, கவனிச்சேன். பொண்டாட்டி வந்தா சரியாயிடும்.

காப்பி கோணலா வந்துச்சா? அது ஒண்ணுமில்ல. மெஷின் சூடு.

அந்தத் துண்டா? இருக்கு. டிராயர்லதான் வச்சிருக்கேன். எதுக்கு? நீங்க எப்படியும் அவர் வீட்டுக்குப் போகப் போறீங்க, போறப்போ கையோட கொண்டு போய் அவர்கிட்டக் கேட்கிறேங்கிறீங்களா? வேணாம்! ஐயோ, வேணாம் ஐயா. வேணாம். தயவு செஞ்சு அந்தப் பேச்சை எடுக்காதீங்க. அவர் "அம்மாகிட்ட நேத்தே பேசிட்டேன்"னு சொல்லிட்டார்னா நான் என்ன பண்றது? இத்தனை வருஷத்தையும் நான் எங்க கொண்டு போய்ப் போடுறது?

சரி. விடுங்க. தண்ணி குடிக்கிறீங்களா? நான் குடிச்சுக்கிறேன்.

நீங்க வந்த வேலையைப் பாருங்க. உங்க அக்கா பொண்ணுகிட்டச் சொல்லுங்க. குடி இல்ல, சிகரெட் இல்ல, அவ கேட்ட அந்த ஒண்ணும் இல்ல. மனசுல யாரும் இல்ல. பதினஞ்சு வருஷமா எதிர்ல உட்கார்ந்து பார்க்கிறவ சொல்றேன், என்னைவிட யாருக்குத் தெரியும்? தைரியமா முடிக்கலாம்.

எந்திரிச்சுட்டீங்களா? உங்க ஆதார் காப்பியை வச்சிட்டுப் போறீங்களே. ஐயா! முன்னாடி வந்தவங்களும் இப்படித்தான், நாலு காப்பி டிராயர்ல கிடக்கு. இதோட அஞ்சு.

ஐயா, அவர் வீடு எதிர்ல. கேட்டு திறந்துதான் இருக்கு. பஸ் ஸ்டாண்டுப் பக்கமாத் திரும்புறீங்களே.

நான் ஒரு குறையும் சொல்லலையே ஐயா. நல்லபடியாத்தானே சொன்னேன்?